ஆயிரம் லீற்றர்

பல்லேகமவில் எந்தப் பேச்சும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து முடியும். களுத்துறைப் பக்கம் கடலில் கலக்கும் களு கங்கை வேறு. எங்கள் களு கங்கை நக்கிள்ஸ் மலைத்தொடரில் பிறந்து அம்பன் கங்கையில் சேரும் ஆறு. மொரகஹகந்தைத் திட்டத்தோடு சேர்த்து இந்த ஆற்றுக்கும் அணை கட்டினார்கள். 2018 யூலையில் நீர் நிரம்பத் தொடங்கியது. பழைய பல்லேகம நகரமும் அதைச் சுற்றியிருந்த வயல்களும் 24.8 கோடி கன மீற்றர் கொள்ளும் நீர்த்தேக்கத்துக்குள் போயின. மேட்டில் புதிய லக்கலை நகரம் எழுந்தது. கந்தோர்களும் கடைகளும் அங்கே இடம்பெயர்ந்தன. அவற்றோடு சனங்களும் வந்தார்கள்.

நான் இடமாற்றத்தில் வந்தவள். மாத்தளையில் பிறந்து, தாதியாகப் பயிற்சி பெற்று, வேலைக்காகக் கணவரோடு இந்தப் பக்கம் வந்து வீடெடுத்தேன். அம்மா இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தவர். லயத்துக்குப் பின்னால் கையகல நிலத்தில் போஞ்சியும் கீரையும் நட்டு முழுக் குடும்பத்துக்கும் கறி தந்தவர். என்னோடு வந்தபிறகு வீட்டுப் பின்வளவைப் பார்த்து, "இது வெறும் கிரவல் மண்ணு. இதுல என்ன முளைக்கும்?" என்றார். கட்டடம் கட்ட வெட்டி நிரப்பிய மண் அது. மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறந்தது.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. சந்தையில் மரக்கறி விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. மண்ணும் உரமும் இல்லாமல் கீரை வளர்க்க வழியுண்டா என்று நானும் கணவரும் தேடத் தொடங்கியது அப்போதுதான். அவர் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். அக்வாபோனிக்ஸ் பற்றி முதலில் வாசித்துச் சொன்னதும் அவர்தான். மீன் கழிக்கும் அமோனியாவை ஒரு வகை பக்டீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் மீண்டும் மீனிடம் போகும். அமெரிக்க வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி பல ஆண்டுகள் உழைத்து, 7,800 லீற்றர் கொள்ளும் நான்கு வட்டத் தாங்கிகளில் திலாப்பியாவும் 214 சதுர மீற்றர் மிதவைப் பாத்தியில் கீரையும் வளர்த்துக் காட்டியிருந்தார். எங்களுக்கு வேண்டியது அதில் சிறு துண்டு. அதற்கு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2014இல் வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் கையேடு கைகொடுத்தது.

அதை வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. பம்பியை மாற்றலாம், குழாயை மாற்றலாம், கீரையைப் பிடுங்கி வேறொன்று நடலாம். மீன் இருக்கும் தாங்கியை மட்டும், தண்ணீர் நிரப்பி உயிரை விட்டபிறகு, எளிதில் மாற்ற முடியாது. ஆகவே மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டுத் தாங்கியைத் தேடினோம்.

பக்கத்து வளவில் இருக்கும் சீயாவிடம் முதலில் கேட்டோம். இப்போது நீருக்கடியில் கிடக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவர். வயல், தென்னை, கிணற்றடி எல்லாவற்றையும் விட்டு மேட்டுக்கு வந்தவர். அவருடைய பதில் உடனே வந்தது.

"மிஸ்ஸி, சீமெந்துத் தொட்டி கட்டுங்க. பிளாஸ்டிக் எல்லாம் அஞ்சு வருசம். சீமெந்து பேரப்பிள்ளை காலத்துக்கும் நிக்கும்."

அதில் நியாயம் இருந்தது. அலங்கார மீன் வளர்ப்பவர்கள் பலரும் சீமெந்துத் தொட்டியில்தான் வளர்க்கிறார்கள். ஆனால் புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும். தண்ணீரின் பிஎச் ஒன்பதையும் தாண்டிவிடும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி இறைத்து, வாரக்கணக்கில் பதப்படுத்தினால்தான் மீன் விடலாம். மீனும் பக்டீரியாவும் செடியும் ஒன்றாக வாழ பிஎச் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நிற்பது நல்லது. அந்த இடைவெளி குறுகியது. சுண்ணாம்பு கசியும் தொட்டியில் அதைப் பிடித்து வைப்பது ஓயாத வேலை. உள்ளே நல்ல பூச்சுப் பூசினால் தீரும் என்று மேசன் பாஸ் சொன்னார். சீயா சொன்ன இன்னொரு விசயம்தான் என்னைக் கடைசியில் முடிவெடுக்க வைத்தது.

"எங்க வீட்டிலயும் ஒரு தொட்டி இருந்திச்சி. அப்பா கட்டினது. கதவு, நிலை, ஓடு எல்லாம் கழட்டிக்கொண்டு வந்தோம். தொட்டிய எப்படிக் கொண்டு வாறது?"

தாதி வேலையில் இடமாற்றம் எப்போது வருமென்று சொல்ல முடியாது. நாங்கள் கட்டுவது வாடகை வளவில். கழற்றிக் கொண்டுபோகக்கூடிய ஒன்றே எங்களுக்குப் பொருந்தும் என்று அன்றே தீர்மானித்தோம்.

நீல நிற 200 லீற்றர் பிளாஸ்டிக் பீப்பாய்கள் மலிவு. தம்புள்ளையிலும் மாத்தளையிலும் பழைய பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டு மூன்றை நெடுக்காகப் பிளந்தால் பாத்திகளும் கிடைக்கும். கடைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இதுல முந்தி என்ன வந்தது?" என்பதுதான். மருத்துவமனையில் ஒரு போத்தலை எடுத்தால் லேபலைப் பார்க்காமல் ஊசியில் ஏற்ற மாட்டோம். அந்தப் பழக்கம் கையோடு வந்தது. குளுக்கோஸ் பாகு, பழச்சாறு, தேங்காயெண்ணெய் வந்த பீப்பாயைச் சோடா போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தால் போதும். மாத்தளையில் றப்பர் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே பால் உறைய வைக்கும் அசிட் வந்த கேன்களும் இதே நீலத்தில்தான் இருக்கும். கிருமிநாசினி, பசை, பூச்சி மருந்து வந்தவையும் உண்டு. பிளாஸ்டிக் அவற்றை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் விடும். லேபல் உரிந்த பீப்பாயை, மூக்கில் வாடையே இல்லாவிட்டாலும், நாங்கள் தொடவில்லை.

தகரம், நாகம் பூசிய இரும்பு இரண்டையும் தொடக்கத்திலேயே விலக்கினோம். நாகமும் செம்பும் நமக்குச் சிற்றளவில் தேவையானவை. மீனின் செவுளுக்கோ அவை நஞ்சு. தாங்கிக்குப் பித்தளைப் பைப் பூட்டலாம் என்று ஹாட்வெயார் கடையில் சொன்னபோதும் பிவிசி வால்வையே கேட்டு வாங்கினோம்.

பீப்பாயை நான் விலக்கியது அதன் கடந்த காலத்துக்காக மட்டும் அல்ல, அளவுக்காகவும்தான். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி இலங்கை முழுவதும் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் பகுதியில் அதற்கு நாடு முழுவதும் இருள வேண்டியதில்லை. மலைக்காற்று பலமாக அடித்து ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும். கரண்ட் போனால் பம்பி நிற்கும். பம்பி நின்றால் தண்ணீர் விழுந்து கலங்குவது நிற்கும். அதன்பிறகு மீனுக்கு மிஞ்சுவது தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஒட்சிசன் மட்டும்.

அது எவ்வளவு? எங்கள் பகுதிச் சூட்டில், 28 பாகை வெப்பநிலையில், ஒரு லீற்றர் தண்ணீர் அதிகபட்சம் எட்டு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான ஒட்சிசனையே தாங்கும். ஆயிரம் லீற்றரில் ஏழெட்டுக் கிராம். கையில் ஏந்தினால் பாரமே தெரியாத அளவு. ஒரு கிலோ திலாப்பியா சும்மா நிற்கும்போதே மணிக்குக் கால் கிராம் அளவில் அதைச் செலவழிக்கும். தீனி தின்றபின் இன்னும் கூடும். லீற்றருக்கு ஏழு மில்லிகிராம் இருக்கிறது, மூன்றுக்குக் கீழே போகவிடக் கூடாது என்று வைத்தால், ஆயிரம் லீற்றரில் பயன்படுத்தக்கூடியது நான்கு கிராம். ஐந்து கிலோ மீன் இருந்தால் மூன்று மணித்தியாலம் தாங்கும். அதே ஐந்து கிலோவை 200 லீற்றர் பீப்பாயில் விட்டால் நாற்பது நிமிடம்கூடத் தாங்காது. மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் காற்றுக் கரையும் என்பது உண்மை. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

நான் பணிக்குப் போனால் திரும்பப் பல மணி நேரமாகும். கணவரும் பாடசாலையில். வீட்டில் அம்மா மட்டும். ஒரு பிரச்சினை வந்தால் யாராவது கவனித்து, வந்து, ஏதாவது செய்வதற்கு நேரம் வேண்டும். தாங்கியின் கொள்ளளவு என்பது அந்த நேரம்தான். பெரிய தாங்கி வாங்கும்போது நாம் காசு கொடுத்து வாங்குவது மீனுக்கான அவகாசத்தை.

சூட்டுக்கும் இதே கணக்குப் பொருந்தும். லக்கலைப் பக்கம் மலைநாடும் வறண்ட வலயமும் சந்திக்கும் இடம். ஓகஸ்டு வெயில் கடுமையானது. சிறு பீப்பாயில் தண்ணீர் நண்பகலுக்குள் கொதிநிலைக்குப் போவதுபோலச் சூடேறி இரவில் இறங்கும். சூடான தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகவே ஏந்தும். அதே நேரம் சூட்டில் மீனுக்கு ஒட்சிசன் அதிகம் தேவைப்படும். தண்ணீர் கூடக் கூட இந்த ஏற்ற இறக்கம் தணியும்.

இப்படித்தான் ஐபிசி தாங்கிக்கு வந்து சேர்ந்தோம். கம்பிக் கூட்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி, அடியில் பலகைத் தட்டு, ஒரு கன மீற்றர், ஆயிரம் லீற்றர். தொழிற்சாலைகளுக்குத் திரவப் பொருட்கள் ஏற்றி வருவது. அவுஸ்திரேலியாவில் வீட்டுப் பின்வளவில் அக்வாபோனிக்ஸ் செய்பவர்கள் இதைத்தான் அதிகம் வெட்டி எடுக்கிறார்கள். மேல் மூன்றில் ஒரு பங்கை அறுத்துக் கவிழ்த்தால் பாத்தி. கீழே மிஞ்சுவது மீன் தாங்கி. ஒரே பெட்டியில் இரண்டும் முடிந்துவிடும். நான் போட்ட கணக்கின்படி அது எங்களுக்குச் சரிவரவில்லை. அறுத்தபின் கீழே மிஞ்சுவது அறுநூறு எழுநூறு லீற்றர்தான். ஆகவே இரண்டு எடுத்தோம். ஒன்றை அறுக்காமல், மேலே வாளி போகும் அளவு வாய் மட்டும் திறந்து, மீனுக்கு. மற்றதை மேலும் கீழும் வெட்டி, முப்பது சென்ரிமீற்றர் ஆழத்தில், ஒவ்வொன்றும் ஒரு சதுர மீற்றருக்குச் சற்று மேல் பரப்புள்ள இரண்டு பாத்திகள்.

உணவுப்பொருள் வந்தவை என்று லேபலோடு இருந்த இரண்டைத் தேடிப் பிடித்து, நாவுல வழியாக ஒரு சிறு லொறியில் கொண்டுவந்தோம். முடக்கில் இறக்கி, சீயாவின் மகனுடைய லேண்ட்மாஸ்டரில் வளவு வரைக்கும். வெறும் பெட்டியைத் தூக்கி வைத்தபோது பாரம் தெரியவில்லை. நிரம்பினால் ஒரு தொன்னுக்கு மேல். எங்களுடையது நிரப்பிய மண், மழைக்குச் சரியும். அதனால் மண்ணை இடித்து இறுக்கி, சீமெந்துக் கல் அடுக்கி, மட்டம் பார்த்து மேடை போட்டோம். பாத்திகளுக்கும் அப்படியே: முப்பது சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கல் நிரப்பித் தண்ணீரும் நின்றால் ஒவ்வொன்றும் அரைத் தொன்னைத் தாண்டும்.

கல்லை எடுக்கும்போதும் ஊரின் நிலத்தை அறிந்திருக்க வேண்டியிருந்தது. மாத்தளை மாவட்டத்தில் டொலமைற்றும் சுண்ணக்கல்லும் கிடைக்கும். பார்க்க வெள்ளையாக அழகாக இருக்கும் அந்தச் சல்லி பாத்திக்கு ஆகாது. நாளாக ஆகக் கரைந்து பிஎச்சை ஏற்றும். ஒரு பிடி கல்லை எடுத்து வினாகிரி ஊற்றிப் பார்த்தோம். நுரைத்ததைத் தள்ளினோம். டொலமைற் முழுக்கல் மெதுவாகவே நுரைக்கும் என்பதால் கணவர் கல்லைப் பொடித்தும் பார்த்தார். கருங்கல் சல்லி அசையாமல் கிடந்தது, அதையே எடுத்தோம்.

வெள்ளைத் தாங்கியில் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். பாசி பகலில் ஒட்சிசன் தரும், இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். வெளியே கறுப்புப் பூசி, சூடேறாதிருக்க அதன்மேல் வெள்ளைப் பூசி, தென்னோலை வேய்ந்த சாய்ப்பும் இறக்கினோம். சதுரத் தாங்கியின் மூலைகளில் கழிவு தங்கும். வட்டத் தாங்கி இதில் மேலானது, தண்ணீர் சுழலும்போது கழிவு நடுவில் சேரும். ஐபிசியின் மூலைகள் வளைந்தவை என்பதால், திரும்பி வரும் குழாயை ஓரமாகச் சாய்த்து விட்டு ஒரு சுழற்சியை உண்டாக்கினோம். பம்பியை அடித்தரையில் வைக்காமல் ஒரு சாண் உயர்த்தி வைத்தோம். எங்காவது குழாய் கழன்று தண்ணீர் முழுவதும் வெளியே போனாலும் அந்த ஒரு சாண் மீனுக்கு மிஞ்சும். கரண்ட் நிற்கும்போது பாத்தியிலிருக்கும் தண்ணீர் தாங்கிக்கே இறங்கும். அதற்கும் மேலே இடம் விட்டோம்.

தாதியாக நான் விட்டுக்கொடுக்காத இன்னொன்று மூடி. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. திறந்து கிடக்கும் பாத்திரம் எங்கள் பார்வையில் ஒரு நோயாளிக் கட்டில். மீன் இருக்கும் தாங்கியில் நுளம்புக் குடம்பியை மீன் தின்றுவிடும். மீன் இல்லாத வாளி, வெட்டி மிஞ்சிய துண்டு, சும்மா கிடக்கும் பீப்பாய் இவைதான் ஆபத்து. தாங்கி வாய்க்கு வலை கட்டினோம். மிஞ்சிய துண்டுகளைக் கவிழ்த்து வைத்தோம். வலை குரங்கைத் தடுக்கவும் உதவியது.

எந்த மீன் என்ற கேள்வியில் கணவருக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. இந்த ஆற்றில் இரண்டு மீன்கள் உண்டு. ஒன்றை 1985இல் சேனநாயக்க அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். தோகைபோல நீண்ட செட்டைக் கதிர்கள் கொண்டது, இன்று டாக்கின்சியா ஸ்ரீலங்கென்சிஸ் என்று பெயர். மற்றது 1991இல் கொட்டலாட்டும் பெத்தியாகொடவும் விவரித்த சிஸ்டோமஸ் மார்ட்டென்ஸ்டைனி. இரண்டும் களு கங்கை, அம்பன் கங்கைப் பக்கத்துச் சிறு பரப்புக்கே உரியவை. ஆற்றில் பிடித்து வளர்க்கலாமே என்று யாராவது கேட்டால், இதனால்தான் கூடாது என்கிறேன். திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து வந்தது. குளங்களில் புரதம் தந்து பல குடும்பங்களைக் காப்பாற்றியதும் அதுதான். எங்களுக்கும் அதுவே ஏற்றது. குறைந்த ஒட்சிசனையும் சூட்டையும் பொறுக்கும். குஞ்சு வாங்கத் தம்புள்ளையில், மீன் வளர்ப்புக்கான அரச நிறுவனமான நெக்டாவின் இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. ஆனால் திலாப்பியா எங்கள் வளவுக்குள்ளேயே இருக்க வேண்டும். தாங்கி நிரம்பி வழியும் குழாயை நுண்வலை போட்டு வாழைப் பாத்திக்குத் திருப்பினோம், கானுக்கு விடவில்லை. கான் ஓடைக்குப் போகும், ஓடை ஆற்றுக்குப் போகும்.

ஆயிரம் லீற்றருக்கு இருபது கிலோ மீன் வரை வளர்க்கலாம் என்று கையேடு சொல்கிறது. கரண்ட் நிச்சயமாக இருக்கும் வீட்டுக்கு அது சரி. நாங்கள் ஐந்து கிலோவுக்கு மேல் போகவில்லை. வளர்ந்தபின் முந்நூறு கிராம் வரும் பதினாறு மீன். ஐந்து கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் அளவில் தீனி. கீரைப் பாத்திக்குச் சதுர மீற்றருக்கு நாற்பது ஐம்பது கிராம் தீனியின் சத்துப் போதும். இரண்டு பாத்திக்கும் கணக்கு நேராக வந்தது. முதல் வாரங்களில் பக்டீரியா குடியேறும் வரை அம்மா பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கங்குனும் பொன்னாங்காணியும் கிளைத்த வேகத்தைப் பார்த்துப் பாத்திகளின் பொறுப்பு முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். முதல் கட்டுக் கீரை சீயா வீட்டுக்குப் போனது.

2022 பிறந்ததும் நாட்டில் டீசலும் இல்லை, கரண்டும் இல்லை. நேர அட்டவணை பார்த்து வீட்டை நடத்தினோம். மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியால வெட்டு. மீன்கள் அப்போது நன்றாக வளர்ந்திருந்தன. நான் பணியில் இருந்தேன். வெட்டு வருமென்று தெரிந்த நாளில் முதல் நாள் மாலையிலிருந்தே தீனி போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். பசித்த மீன் குறைவாகவே மூச்சு வாங்கும். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பி ஒன்று இருந்தது. அது நின்றபிறகு அம்மா வாளியால் தண்ணீரை மொண்டு நெஞ்சு உயரத்திலிருந்து ஊற்றினார். அவர் களைத்தபோது என் மகன். பிறகு சீயா வேலி தாண்டி வந்து வாளியை வாங்கிக்கொண்டார். விழும் தண்ணீர் காற்றைக் கூட்டிக்கொண்டு போகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது பதினாறும் இருந்தன. ஒவ்வொரு முறை ஊற்றியபிறகும் கொஞ்சம் இருந்து மூச்சு விட்டுக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைத்தது. 200 லீற்றர் பீப்பாயாக இருந்திருந்தால் அந்த ஓய்வு கிடைத்திருக்காது.

அந்த வருடம் எங்கள் கீரையைப் பார்த்துத் தாங்கி பற்றிக் கேட்டு வந்தவர்கள் பலர். என்ன விலை, எங்கே கிடைக்கும் என்றுதான் தொடங்குவார்கள். நான் வேறு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். உங்கள் வீட்டில் கரண்ட் போனால் எத்தனை மணி நேரத்தில் ஒருவர் தாங்கியடிக்கு வர முடியும்? அந்த நேரத்துக்கு எத்தனை கிலோ மீன் பொறுக்கும்? அதற்கு எத்தனை லீற்றர்? அந்தப் பாரத்தை உங்கள் நிலம் தாங்குமா? பாத்திரத்தில் முந்தி என்ன இருந்தது? நிரம்பினால் எங்கே வழியும்? இவற்றுக்குப் பதில் வந்துவிட்டால் எந்தத் தாங்கி என்பது தானாகவே வந்துவிடும். அது பீப்பாயாகவும் இருக்கலாம், சீயா சொன்ன சீமெந்துத் தொட்டியாகவும் இருக்கலாம். ஆற்றில் ஒட்சிசன் குறைந்தால் மீன் வேறிடம் நீந்திப் போகும். தாங்கியில் விட்ட மீனுக்குப் போக்கிடம் இல்லை. அதன் மூச்சுக்கு நாமே பொறுப்பு. அந்தப் பொறுப்பை லீற்றர் கணக்கில் எழுதிப் பார்த்தபிறகே கடைக்குப் போங்கள்.